தோகா மரம் நாடு பெயர்ந்த வரலாறு: ஆம்ஹெர்ஸ்டியா வளர்ப்பும் பதியக் கலையும்

முன்னுரை

மரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் 'கண்டுபிடித்தோர்' வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு மரத்தை முதலில் விளக்கி எழுதியவர் யார், அதற்குப் பெயரிட்டவர் யார், ஐரோப்பாவில் அது முதன்முதலில் எங்குப் பூத்தது என்பனவற்றையே ஆவணங்கள் விரித்துரைக்கின்றன. அம்மரம் ஒரு மண்ணிலிருந்து இன்னொரு மண்ணுக்குப் பெயர்ந்து உயிர்பிழைக்கக் காரணமான தொழில்நுட்பமும் அத்தொழிலைச் செய்த கைகளும் ஓரிரு குறிப்புகளோடு நின்றுவிடுகின்றன. 'பூமரங்களின் அரசி' எனச் சிறப்பிக்கப்படும் ஆம்ஹெர்ஸ்டியா நோபிலிஸ் என்னும் பர்மிய மரத்தின் வரலாற்றை வளர்ப்புக் கலையின் பக்கத்திலிருந்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இம்மரம் இன்றும் நிலைத்திருப்பதற்கு அதன் கண்டுபிடிப்பைவிடப் பர்மியத் துறவியர் மடங்களின் வழிபாட்டு மரபும் இந்தியத் தோட்டக்காரர்களின் பதியக் கலையுமே பெரிதும் காரணம் என்பது இங்கு நிறுவப்படுகிறது.

மரத்தின் இயல்பு

ஆம்ஹெர்ஸ்டியா பயறுக் குடும்பத்தைச் சார்ந்தது. இப்பேரினத்தில் இந்த ஒரே இனம்தான் உண்டு. தென்கிழக்கு மியான்மரின் மார்ட்டபான், தெனாசெரிம் பகுதிகளே இதன் தாயகம். நடுத்தர உயரமுடைய பசுமைமாறா மரம் இது. ஒவ்வோர் இலையிலும் ஆறு முதல் எட்டு இணைச் சிற்றிலைகள் இருக்கும். புதிதாகத் துளிர்க்கும் இலைகள் செம்புநிறமும் ஊதாச் சாயலும் கொண்டு, நனைந்த துணிபோல் துவண்டு தொங்கும். முதிர முதிரப் பசுமையுற்று விறைப்பாகும்.

பூங்கொத்துகள் கிளைகளிலிருந்து நீண்டு கீழ்நோக்கித் தொங்குவன. பூவின் அடியிலுள்ள பூவடிச் சிற்றிலைகளும் புல்லிகளும் இதழ்களும் செந்நிறமே கொண்டவை. ஐந்து இதழ்களுள் மூன்றே நன்கு வளர்ந்தவை. ஏனைய இரண்டும் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறுத்தவை. பெரிய இதழின் நுனியில் மஞ்சள் நிறம் விளங்கும். இத்துணை அழகுடைய பூ ஓரிரு நாட்களிலேயே வாடிவிடும்.

தோட்டங்களில் வளரும் மரங்கள் ஆண்டுதோறும் கொத்துக் கொத்தாகப் பூத்தும் காய் பிடிப்பது மிக அரிது. அரிதாகக் காய்த்து முற்றிய நெற்றுகளிலும் சில விதைகளே கிடைக்கும். அவையும் உலர்ந்தால் முளைப்புத் திறனை விரைவில் இழந்துவிடும். நெல்லைப் போலவோ புளியங்கொட்டையைப் போலவோ சேமித்து வைத்து, வேண்டும்போது விதைக்க இயலாது. பூக்கும் அளவுக்குக் காய்க்காமை என்னும் இவ்வியல்பே இம்மரத்தின் வரலாற்றை வடிவமைத்தது எனலாம்.

குகைக் கோயிலில் கிடைத்த பூ

முதல் ஆங்கில-பர்மியப் போர் 1826 பிப்ரவரியில் யாண்டபோ உடன்படிக்கையோடு முடிவுற்றது. அரக்கானும் தெனாசெரிமும் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிக்கு உட்பட்டன. புதிதாகக் கைக்கொண்ட நிலத்தில் என்னென்ன வளங்கள் உள்ளன என அறிவதில் கும்பினி முனைந்தது. தேக்கு அவற்றுள் முதன்மையானது. போர்க்கப்பலும் வணிகக்கப்பலும் கட்டத் தேக்கு வேண்டியிருந்தது.

அதே 1826-ஆம் ஆண்டில் கும்பினி அதிகாரி ஜான் கிராஃபர்ட் சால்வீன் ஆற்றின் வழியே கோகுன் குகைகளைக் காணச் சென்றார். சுவரெங்கும் புத்தர் உருவங்கள் பதிக்கப்பட்ட வழிபாட்டிடம் அது. அங்கே உருவங்களின் முன் கைநிறைய அள்ளி இடப்பட்டிருந்த செந்நிறப் பூக்களைப் பற்றிய அவருடைய குறிப்பே இம்மரத்தைக் குறித்து ஐரோப்பியர் எழுதியவற்றுள் முதலாவது. ஐரோப்பியர் பார்வைக்கு இம்மரம் முதலில் வழிபாட்டுப் பொருளாகவே வந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த டென்மார்க் நாட்டவரான நத்தானியேல் வாலிக், கிராஃபர்டின் ஆவா தூதுக்குழுவோடு சென்றார்; காடுகளை ஆராயும் பணியும் அவருக்கு இடப்பட்டிருந்தது. 1827-இல் மார்ட்டபான் பகுதிக்கு வந்த அவர், கோகுனில் ஒரு மடத்தைச் சார்ந்த பாழ்பட்ட தோட்டத்தில் இரண்டு மரங்களைக் கண்டார். அவற்றுள் பெரியது ஏறத்தாழ 40 அடி உயரமுடையது. இம்மரம் இயற்கையாக எந்தக் காட்டில் வளர்கிறது என அங்கிருந்தோரை வினவியபோது தெளிவான விடை கிடைக்கவில்லை. அம்மாநிலக் காடுகளுக்கு உரியதாகவே இருக்கவேண்டும் என அவர் ஊகித்துக்கொண்டார். பிற்காலத்தில் காட்டில் வளரும் மரங்களும் அறியப்பட்டன. ஆயினும் அத்தகைய பதிவுகள் இன்றளவும் மிகச் சிலவே.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. வாலிக் கண்டவை காட்டு மரங்கள் அல்ல, நடப்பட்ட மரங்கள். காட்டிலிருந்து எடுத்துவந்து, மடத்தருகே நட்டு, நீரூற்றி, பூக்கும் பருவம்வரை யாரோ காத்திருக்கின்றனர். காட்டில் காண்பதற்கே அரிதான இம்மரத்தைத் தோட்ட மரமாக்கும் பணி ஐரோப்பியர் வருகைக்கு முன்பே பர்மாவில் நிறைவேறியிருந்தது. ஆகவே 'கண்டுபிடிப்பு' என்னும் சொல் இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை.

பெயரும் பெயர்மாற்றமும்

வாலிக் இம்மரத்திற்கு அன்றைய தலைமை ஆளுநர் ஆம்ஹெர்ஸ்டின் துணைவியாரையும் மகள் சாராவையும் சிறப்பிக்கும் வகையில் பெயரிட்டார். இருவரும் தாவரவியலில் உண்மையான ஈடுபாடு கொண்டவர்கள். ஆம்ஹெர்ஸ்ட் சீமாட்டி இமயமலைச் செடிகளைத் திரட்டி இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றவர். பெயரீடு வெறும் முகமன் அன்று. எனினும் கைப்பற்றிய நிலத்தில் கிடைத்த மரத்திற்கு அதனைக் கைப்பற்றிய ஆட்சியாளரின் குடிப்பெயர் வழங்கப்பட்டது என்னும் வரலாற்றுப் பின்னணியை மறுக்க இயலாது. தெனாசெரிம் கடற்கரையில் 1826-இல் நிறுவப்பட்ட நகருக்கும் ஆம்ஹெர்ஸ்ட் என்றே பெயரிடப்பட்டது. அந்நகர் இன்று சைக்காமி என்னும் பெயரால் வழங்குகிறது; மரத்தின் அறிவியற்பெயர் மட்டும் மாறவில்லை.

பர்மியர் இம்மரத்தைத் 'தோகா' என்று அழைத்தனர். இன்றும் அவ்வாறே அழைக்கின்றனர். இச்சொல் 'அசோக' என்னும் வடசொல்லின் பர்மிய வடிவமாகும். தமிழ் இலக்கியம் அசோகினைச் செயலை என்றும் பிண்டி என்றும் வழங்கும். செயலையின் தளிர் மகளிர் தழையுடைக்குப் பயன்பட்டதைச் சங்கப் பாடல்கள் சுட்டுகின்றன. அருகக் கடவுள் பிண்டி நிழலில் வீற்றிருப்பதைச் சமணத் தமிழ் நூல்கள் போற்றுகின்றன. தளிரழகாலும் பூவழகாலும் சமயச் சார்பாலும் பெயர்பெற்ற மரம் அசோகு. பர்மியர் தம் நாட்டு மரத்தை அதன் பெயராலேயே அழைத்தமைக்குக் காரணம் இவ்விரு மரங்களையும் ஒருசேர நோக்குவோர்க்கு எளிதில் விளங்கும். இரண்டின் இளந்தளிரும் செம்புநிறத்தோடு துவண்டு தொங்குவன. இரண்டும் செவ்விய பூங்கொத்துகள் உடையன.

இவ்வொப்புமை மேலோட்டமானதன்று. இன்றைய தாவரவியல் வகைப்பாட்டில் அசோகும் ஆம்ஹெர்ஸ்டியாவும் பயறுக் குடும்பத்தின் ஒரே துணைக்குடும்பத்தில் அடங்குகின்றன. மாறாக, தமிழகத்துப் பள்ளி வளாகங்களிலும் தெருவோரங்களிலும் 'அசோக மரம்' என்று பிழைபட வழங்கப்படும் நெட்டிலிங்கம், சீத்தாக் குடும்பத்தைச் சார்ந்தது, அசோகோடு உறவற்றது. எனவே பர்மிய வழக்கு பெயரளவிலேயே உறவைச் சரியாக உணர்த்தியது. அறிவியற்பெயர் அவ்வுறவை மறைத்தது. அசோகும் இதற்கு விலக்கன்று. கீழ்த்திசைப் புலவர் வில்லியம் ஜோன்ஸ் நினைவாக ராக்ஸ்பரோ அதற்கு 'ஜோனேசியா' எனப் பெயரிட்டார். 'சராகா' என்னும் பேரினப் பெயரே பின்னர் நிலைத்தது.

கல்கத்தாவில் வளர்ப்பு

வாலிக் கொண்டுவந்த செடிகள் ஹூக்ளிக் கரையிலுள்ள கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டன. 1787-இல் இராபர்ட் கிட் என்பவரால் தொடங்கப்பட்ட அத்தோட்டமே அந்நாளில் ஆசியத் தாவரங்கள் உலகெங்கும் பரவுவதற்கு வாயிலாக இருந்தது. வாலிக் வெளியிட்ட 'பிளாண்டே ஆசியாட்டிக்கே ரேரியோரெஸ்' என்னும் மூன்று தொகுதிப் பெருநூல் ஆம்ஹெர்ஸ்டியாவின் ஓவியத்தோடு தொடங்குகிறது. அந்நூலின் ஓவியங்கள் பலவற்றை வரைந்தவர்கள் விஷ்ணுபிரசாத், கோராசந்த் ஆகிய இந்திய ஓவியர்கள். ஓவியர் பெயராவது அந்நூலில் இடம்பெற்றது. செடியை வளர்த்த தோட்டக்காரர்க்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.

கல்கத்தாவில் இம்மரத்தை வளர்ப்பது எளிதாக இருக்கவில்லை. சால்வீன் ஆற்றுப் பகுதியில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. கல்கத்தாவில் அதில் பாதியளவும் இல்லை. வங்க வண்டல்மண் கோடையில் காய்ந்தால் மேற்பரப்பு சுட்ட செங்கல்போல் இறுகிவிடும். மேலே ஊற்றும் நீர் வழிந்தோடுமேயன்றி ஆழத்திலுள்ள வேருக்கு எட்டாது; காற்றும் புகாது.

இதன் விளைவை ஜோசப் ஹூக்கர் பதிவுசெய்துள்ளார். 1848 முதல் இந்தியாவில் பயணம் செய்த அவர், 1854-இல் வெளியான தம் 'இமாலயக் குறிப்பேடு'களில் கல்கத்தா தோட்டத்து ஆம்ஹெர்ஸ்டியா தவறான பராமரிப்பாலும், வேர்மேல் மண் காய்ந்து இறுகியதாலும் பட்டுப்போகும் நிலைக்கு வந்திருந்ததை எழுதுகிறார். அதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. மூங்கிற் குழாய்களை நாலரை அடி ஆழத்திற்கு மண்ணில் இறக்கி, அவற்றின் வழியே நீரூற்றினர். இம்முறையை முதலில் பரிந்துரைத்தவர் தெனாசெரிம் கடற்கரையிலுள்ள தவாயைச் சேர்ந்த ஓர் இராணுவ அதிகாரி எனவும் அவர் குறிக்கிறார். தவாய் இம்மரம் வளரும் கடற்கரைப் பகுதியாதலின், மரத்தின் தேவையை அறிந்த இடத்திலிருந்தே மருந்தும் வந்தது எனக் கொள்ளலாம். பெருஞ்செலவிலான கண்ணாடி மனைகள் செய்யாததை ஒரு மூங்கிற் குழாய் செய்தது.

பதியம் என்னும் கலை

விதை கிட்டாத மரத்தைப் பெருக்குவதற்குப் பதியமே நம்பத்தக்க வழியாயிற்று. வெட்டிய கிளை வேர்விடுமுன் வாடிவிடும் வாய்ப்பு மிகுதி. பதியத்தில் கிளை தாய்மரத்தோடு இணைந்தே இருக்கும். தாயிடமிருந்து நீரைப் பெற்றுக்கொண்டே தனக்கு வேர் விட்டுக்கொள்ளும். வேர் விட்டபின்பே பிரிவு நேரும்.

தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணில் புதைப்பது தரைப்பதியம். வளைக்க இயலாத உயர்ந்த கிளைக்கு விண்பதியம் உரியது. வங்கத்தில் இதனைக் 'குட்டி' என்பர். சிறு உருண்டை எனப் பொருள்படும் சொல் அது. 1860-களில் வெளிவந்த ஃபர்மிங்கரின் வங்கத் தோட்டக்கலைக் கையேடு இம்முறையை விளக்குகிறது. முற்றிய கிளையொன்றில் ஒரு கணுவின் கீழ் பட்டையை வளையமாக உரித்து நீக்குவர். இலைகள் ஆக்கிய உணவு பட்டையின் வழியே கீழிறங்குவது; வளையத்தில் தடைப்பட்டு அங்கேயே தேங்கும். நீரோ உள்கட்டையின் வழியே மேலேறுவது, அதற்குத் தடையில்லை. எனவே கிளை வாடாமலே வெட்டின் மேல்விளிம்பில் வேர் பிறக்கும். அவ்விடத்தில் களிமண்ணை உருண்டையாகப் பிடித்து, நாரினால் சுற்றிக் கட்டுவர். அதற்கு மேலே அடியில் துளையிட்ட மண்சட்டி ஒன்றைத் தொங்கவிட்டு, துளையின் வழியே கயிற்றை இறக்கி மண்ணுருண்டையில் சுற்றுவர். சட்டியில் ஊற்றிய நீர் கயிற்றின் வழியே துளித்துளியாக இறங்கி உருண்டையை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும்.

இக்கலைக்கு வேண்டிய பொருள்கள் கத்தி, களிமண், நார், கயிறு, உடைந்தாலும் இழப்பில்லாத சட்டி ஆகியவையே. வேண்டிய அறிவோ நுட்பமானது. மழைக்காலத்தின் தொடக்கத்தைத் தேர்தல், இளசுமின்றிக் கிழடுமின்றிக் கிளையைத் தெரிதல், கட்டைக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் நீக்குதல், வேர் போதிய அளவு வந்ததை அறிதல் ஆகிய அனைத்தும் கைப்பழக்கத்தால் வருவன. பிரிக்கும்போதும் ஒரே வெட்டில் பிரிப்பதில்லை. கிளையைச் சிறிது சிறிதாக அறுத்துத் தாயின் துணையின்றி வாழப் பழக்குவர். பிரித்த கன்றை நிழலிலும் ஈரக்காற்றிலும் வைத்து, புதுத்தளிர் வந்தபின்பே நிலத்தில் நடுவர். இளங்கன்றுக்குக் கடும்வெயிலும் வறண்ட காற்றும் ஆகா. இலைமக்கு மிகுந்த, நீர் தேங்காத, ஆழ்ந்த மண் அதற்கு வேண்டும்.

கடல் கடந்த கன்றுகள்

இம்மரத்தின் புகழ் இங்கிலாந்தின் செல்வர்களை ஈர்த்தது. டெவன்ஷயர் கோமகன் தம் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டக்காரருள் ஒருவரான ஜான் கிப்சனை 1835-இல் இந்தியாவுக்கு அனுப்பினார். ஆம்ஹெர்ஸ்டியாவைக் கொண்டுவருதல் அப்பயணத்தின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. கல்கத்தா தோட்டத்தில் வாலிக்கின் உதவியோடு கன்றுகளைப் பெற்ற கிப்சன், காசி மலைப்பகுதியில் திரட்டிய ஆர்க்கிட் செடிகளோடு 1837-இல் திரும்பினார். உப்புக்காற்று படாமல் செடியைக் காக்கும் மூடிய கண்ணாடிப் பெட்டிகள் அக்காலத்தில்தான் புழக்கத்திற்கு வந்திருந்தன. அவை அப்பயணத்திற்குத் துணைநின்றன. ஆயினும் சாட்ஸ்வொர்த் சேர்ந்த செடி எளிதில் பூக்கவில்லை.

இங்கிலாந்தில் ஆம்ஹெர்ஸ்டியா முதன்முதலாகப் பூத்தது 1849-இல், இலண்டனுக்கு அண்மையிலிருந்த ஈலிங் பார்க்கில், லூயிசா லாரன்ஸ் என்னும் அம்மையாரின் வெப்பமனையிலாகும். அச்செடியும் கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்டதே. அவ்வாண்டின் 'கர்ட்டிஸ் தாவரவியல் இதழ்' அப்பூவின் ஓவியத்தை வெளியிட்டது. கோமகனின் தோட்டத்தை ஒரு மருத்துவரின் துணைவியார் முந்திவிட்டார் என்பது அந்நாளில் பெரும்பேச்சாயிற்று.

வாலிக் மரத்தைக் கண்டதற்கும் ஈலிங்கில் அது பூத்ததற்கும் இடையே 22 ஆண்டுகள் கழிந்தன. அவ்விடைவெளி முழுவதும் மரத்தைக் காத்து, பெருக்கி, வேண்டியவர்க்கு வழங்கியது கல்கத்தா தோட்டம். இங்கிலாந்தில் ஒரு பூ விரிந்ததற்கு முன்னே வங்க மண்ணில் எத்தனை மழைக்காலங்கள் கன்று வளர்ப்பில் கழிந்திருக்கும் என்பதைப் புகழுரைகள் கணக்கிடவில்லை. பின்னர்ச் சிங்கப்பூர், இலங்கையின் பேராதனை முதலிய வெப்பமண்டலத் தோட்டங்களிலும் இம்மரம் இடம்பெற்றது. ஓவியர் மேரியன் நார்த் சிங்கப்பூரில் இதனை வரைந்தபோது படத்தின் தலைப்பில் 'தோகா' என்னும் பர்மியப் பெயரையே வழங்கினார். அவ்வோவியம் கியூ தோட்டத்தின் நார்த் கூடத்தில் உள்ளது.

பெருக்கமும் அதன் எல்லையும்

பதியத்திற்கு ஒரு குறைபாடும் உண்டு. விதையிலிருந்து பிறக்கும் கன்று இரு வழியின் பண்புகளைப் பெற்றுப் புதியதோர் உயிராகத் தோன்றும். பதியத்தால் பிறப்பதோ தாய்மரத்தின் மறுபதிப்பே. ஒரு மரத்திலிருந்து நூறு கன்றுகள் எடுத்தாலும் மரபளவில் அவை ஒரே மரம். கல்கத்தா தோட்டத்தின் இருப்பு மார்ட்டபானிலிருந்து வந்த சில செடிகளில் தொடங்கியது என்பதை நோக்கும்போது, பல நாட்டுத் தோட்டங்களில் காணும் ஆம்ஹெர்ஸ்டியா மரங்கள் எண்ணிக்கையில் பலவாயினும் மரபு வேறுபாட்டில் மிகக் குறைந்தனவாக இருக்க வாய்ப்புண்டு. ஒரு நோய் ஒன்றைத் தாக்கினால் அனைத்தையும் தாக்கக்கூடும்.

தோட்டங்களும் நிலையானவை அல்ல. 1864-ஆம் ஆண்டுப் புயலில் கல்கத்தா தோட்டம் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மரங்களை இழந்தது. 1867-ஆம் ஆண்டுப் புயல் எஞ்சியவற்றுள் மேலும் பலவற்றைச் சாய்த்தது. ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸ் இந்தியத் தாவரவியல் தோட்டம் என 2009-இல் பெயர்மாற்றம் பெற்ற அதே தோட்டத்தை 2020 மே மாதம் ஆம்பன் புயல் தாக்கியபோதும் ஏராளமான மரங்கள் வேரோடு வீழ்ந்தன. ஓரிடத்தில் ஒரு மரம் இருப்பது பாதுகாப்பு ஆகாது. பல இடங்களில் கன்றுகள் இருப்பதே பாதுகாப்பு.

எனவே பதியமும் வேண்டும், விதையும் வேண்டும். காய் பிடிக்கும் மரங்களை இனங்கண்டு, விதை முற்றியவுடன் உலரவிடாமல் விதைத்து, முளைத்த கன்றுகளைத் தனியே குறித்துப் பேணுதல் இன்றியமையாதது. வெவ்வேறு தோட்டங்களின் மரங்களுக்கிடையே மகரந்தம் பரிமாறிக் காய்பிடிப்பைச் சோதித்தலும் பயன்தரும். எக்கன்று எம்மரத்தின் வழிவந்தது என்னும் குறிப்பேடு இன்றி இவற்றுள் எதுவும் இயலாது. கடந்தகாலத் தோட்ட ஆவணங்கள் கொடுத்தவர் பெயரையும் பெற்றவர் பெயரையும் எழுதின. கன்றின் தாயை எழுதுவதில் அத்துணை அக்கறை காட்டவில்லை.

முடிவுரை

ஆம்ஹெர்ஸ்டியாவின் வரலாற்றிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, காட்டில் அரிதான இம்மரம் அறிவியலுக்குக் கிட்டியதே அது பர்மிய மடத்துத் தோட்டத்தில் நட்டுப் பேணப்பட்டதால்தான். இரண்டாவது, தோகா என்னும் மக்கள் வழக்கு அசோகோடு இம்மரத்திற்குள்ள உறவை அறிவியற்பெயருக்கு முன்பே சரியாகச் சுட்டியது. மூன்றாவது, காய்க்காத மரம் கண்டங்கள் கடந்து பரவியது விதையால் அன்று, கையால்; அக்கைகளின் கலை களிமண்ணும் நாரும் மூங்கிற் குழாயும் சார்ந்தது.

மரத்தின் பெயரில் ஓர் ஆட்சியாளரின் குடி வாழ்கிறது. அதனை நட்ட துறவியரும் பட்டையுரித்துப் பதியமிட்ட தோட்டக்காரரும் பெயரின்றி மறைந்தனர். இருப்பினும் அவர்தம் தொழில் இன்னும் மறையவில்லை. மழைக்காலத்தில் ஒரு கிளையில் மண்ணுருண்டை கட்டத் தெரிந்தவர் உள்ளவரை இம்மரத்திற்கு அடுத்த தலைமுறை உண்டு. தாவரவியல் வரலாறு எழுதுவோர் அக்கலையையும் கலைஞரையும் உரிய இடத்தில் பதிவுசெய்தலே இம்மரத்திற்குச் செய்யும் தக்க கைம்மாறாகும்.